ஐம்பத்தெட்டுக் கிலோ மூட்டை

வாழப்பாடி
6.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மதுமதி எழுதுவது. இங்கே நானும் அவரும் தனப்பிரியாவும் சுகம். நீங்கள் சுகமா என்று போனில் கேட்டால் நாலு வார்த்தைக்குள் வைத்துவிடுகிறீர்கள். வாய் குழறுவது எனக்குக் கேட்டுவிடக் கூடாதாம், அத்தாயி நங்கையா சொன்னார், அண்ணி சொன்னால் பொய்யாக இருக்காது. வாய் குழறாத காலத்திலும் நீங்கள் சொன்னதில் பாதி எனக்கு விளங்கியதில்லை. அதற்காக நான் ஒரு நாளாவது போனை வைத்திருக்கிறேனா?

பயிற்சி கொடுக்கும் அம்மா தினமும் ஒரு பக்கம் வலது கையால் எழுதச் சொல்லியிருக்கிறார் அல்லவா? அதை எனக்கே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை உங்கள் முட்டை வண்டி இந்தப் பக்கம்தான் வருகிறது. மயில்சாமியிடம் கொடுத்துவிட்டால் போதும், தபால்காரரை நம்ப வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக் கடைசியில் உங்களுக்கு வலது கையும் காலும் விழுந்து, மூளை நரம்பில் அடைப்பு என்று சேலத்தில் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த ஃபைலில் கடைசித் தாளைப் பாருங்கள். ‘இதய மருத்துவரைப் பார்த்து, ஆறு வாரத்தில் மறுபடி எக்கோ எடுக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. அந்த ஆறு வாரம் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. எடுத்தீர்களா இல்லையா? ஒரு வரியில் பதில் போதும்.

தனப்பிரியாவுக்குத் தை இருபத்தெட்டு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் நீங்கள் தெம்பாக நின்றால்தான் எனக்குக் கல்யாணம்.

தங்கை,
மதி

*

புதுச்சத்திரம்
22.10.2024

மதிக்கண்ணு,

அண்ணன் எழுதறது. நானும் உன்ற நங்கையாவும் சௌக்கியம். மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்க. இந்தப் பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆச்சு.

கை தூக்குது. கால் நடக்குது. நாலு ஷெட்டையும் காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா சுத்தி வாரேன். கோழிக்குத் தண்ணி வருதா, முட்டை பொறுக்கியாச்சா, எல்லாம் நானே பார்த்துக்கறேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு சாமி. வெசனப்படாதே.

நெஞ்சுக்கு என்னத்தைப் பார்க்கறது? வந்தது கைகாலுக்கு. நெஞ்சு ஒரு நாள் வலிச்சதில்லை. டயரு பஞ்சரான வண்டிக்கு ஹாரனை மாத்துன்னு சீட்டு எழுதறாங்க ஆஸ்பத்திரியில. படிச்ச நீயும் அதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறே.

ஒண்ணு கேக்கணும். தனப்பிரியா எத்தனை கிலோ இருப்பா? சரியா விசாரிச்சு எழுது. மறந்துராதே.

அண்ணன்
குழந்தைவேல்

*

வாழப்பாடி
27.10.2024

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம், எனக்கு மட்டும் தலைவலி. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இருக்கிறது.

அது ஹாரன் இல்லை அண்ணா, என்ஜின். சேலத்தில் டாக்டர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூளையில் ரத்தம் அடைபட்ட அந்த நேரத்தில் உங்கள் இதயமும் சேர்ந்து அடி வாங்கியிருக்கிறது. இதயச் சதை சேதமானால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். அது உங்களுக்குக் கூடியிருந்தது. சிலருக்கு அது தானாகத் தேறிவிடும், சிலருக்குத் தேறாமல் உள்ளுக்குள்ளேயே தளர்ந்துகொண்டு போகும். வலி வந்துதான் தெரிய வேண்டும் என்றில்லை. இதயத்தைப் படம் பிடிக்கும் அந்த எக்கோவை மறுபடி எடுத்தால்தான் தெரியும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை, நெஞ்சில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று ‘இது எதுக்குங், எனக்கு அங்கெல்லாம் வலியே இல்லீங்’ என்று திருப்பிக் கொடுப்பவர்களை தினமும் பார்க்கிறேன். அவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சொந்த அண்ணனே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.

மாத்திரை அட்டைகளைத் தீர்ந்தது, தீராதது எல்லாம் சேர்த்து மயில்சாமியிடம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். நான் எண்ணிப் பார்க்கிறேன். தீபாவளிக்கு முறுக்கும் மிக்சரும் நங்கையாவுக்கு மட்டும். உங்களுக்கு உப்பு ஆகாது.

தனப்பிரியா ஐம்பத்தெட்டுக் கிலோ. நான் சொன்னேன் என்று தெரிந்தால் கொன்றுவிடுவாள். எடையெல்லாம் எதற்கு? பட்டுப்புடவையை நிறுத்தா எடுக்கப் போகிறீர்கள்?

மதி

*

புதுச்சத்திரம்
12.11.2024

மதிக் கண்ணுக்கு அத்தாயி எழுதறது.

நல்லா இருக்கறோம். நீங்களும் நல்லா இருக்கோணும். உங்க அண்ணன் இப்ப ஷெட்டுப் பக்கம் போயிருக்காரு. அவரு எழுத மாட்டேங்கறாரு, நான் எழுதறேன்.

அட்டையெல்லாம் பையில போட்டிருக்கறேன். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை, கொழுப்பு மாத்திரை ரெண்டும் தவறாமப் போடறாரு. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான் அப்படியே இருக்குது. அது நெஞ்சுக்குன்னு மெடிக்கல்காரரு சொன்னாரு. போட்ட மொத நாலு நாள் கண்ணைக் கட்டுதுன்னாரு. நெஞ்சு வலியே இல்லாத ஆளுக்கு எதுக்கு நெஞ்சு மாத்திரைன்னு நான்தான் எடுத்து வெச்சுட்டேன். வையாதே சாமி. நீயும் அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல, ‘அது ஒண்ணுமில்லீங் நங்கையா, சும்மா ஒரு செக்கப்புக்கு எழுதியிருக்காங்’னுதானே எங்கிட்டச் சொன்னே. அதை நெனச்சுக்கிட்டுத்தான் செஞ்சேன்.

அவரு காத்தால வெள்ளெனாவே எந்திரிச்சு எக்சர்சைசு செய்யறாரு. சோறு கொஞ்சம் கம்மியாத் திங்கறாரு. வேற ஒண்ணுமில்லை. தனப்பிரியாளுக்கு என்ற முத்தம்.

அத்தாயி

*

வாழப்பாடி
14.11.2024

அண்ணா,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

முதலில் மாத்திரை. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை உங்கள் இதயத்துக்கு ஓய்வு கொடுக்கிற மாத்திரை. மூன்று மாதமாக அதை டப்பாவில் வைத்திருக்கிறீர்கள். இப்போது நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிற அளவில் போடுங்கள். நங்கையாவை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரைத் திட்டாதீர்கள்.

இரண்டாவது அந்த எக்சர்சைஸ். மயில்சாமிக்கு டீ கொடுத்து உட்கார வைத்துக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அண்ணன் தெனமும் தீவன மூட்டையத் தூக்கிக்கிட்டு ஷெட்டைச் சுத்தி வாராருங்க. சாக்குல மக்காச்சோளத்தைக் கொட்டி, தராசுல நிறுத்து, அம்பத்தெட்டுக் கிலோவுக்குத் தச்சு வெச்சிருக்காருங்க. மொத வாரம் அஞ்சடி, இப்ப இருபதடி.”

டீ டம்ளரைக் கழுவாமல் அப்படியே நின்றேன். என் வாயாலேயே எடையைச் சொல்லி என் அண்ணன் நெஞ்சில் மூட்டை ஏற்றியிருக்கிறேன்.

நம் வகையறாவில் தாய்மாமன் பெண்ணைத் தூக்கிவந்து மணவறையில் உட்கார வைப்பது வழக்கம்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனப்பிரியா மக்காச்சோள மூட்டை இல்லை, இரண்டு கால் இருக்கிறது, நடப்பாள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரட்டும். சாக்கை இன்றைக்கே பிரித்துக் கோழிக்குப் போடுங்கள்.

மதி

*

புதுச்சத்திரம்
26.11.2024

மதிக்கு,

சௌக்கியம். உன்ற கடுதாசி வந்துச்சு. மயில்சாமியை வண்டியில இருந்து மாத்தலாமான்னு பார்க்கறேன்.

நீ மாத்திரைக்குப் பொறுப்பு. சீருக்கு நான் பொறுப்பு. அதுல நீ தலையிடாதே. மாமன் கையைப் புடிச்சுக்கிட்டு நடந்து வர்ற பொண்ணைப் பார்த்தா ஊரு என்ன பேசும்? மாமன் பாதி ஆளாயிட்டான், கை இழுத்துக்கிச்சு, தூக்க வக்கில்லைன்னு பேசும். கோழிக்குத் தீனி வெக்க வர்றவன் கூட இப்ப எங்கிட்ட மெதுவாப் பேசறான், காது கேக்காதவன்கிட்டப் பேசற மாதிரி. அதைப் பார்க்கறப்ப எனக்கு எப்படி இருக்குதுன்னு உனக்குத் தெரியாது.

நீ கேட்ட நெஞ்சு ரிப்போர்ட்டு இத்தோட வெச்சிருக்கறேன். எல்லாம் நார்மல்னு போட்டிருக்குது. படிச்சுப் பார்த்துட்டு நிம்மதியாத் தூங்கு. இனி இந்தப் பேச்சை எடுக்காதே.

மாப்பிள்ளைக்கும் தனப்பிரியாளுக்கும் ஆசீர்வாதம்.

குழந்தைவேல்

*

வாழப்பாடி
1.12.2024

அண்ணா,

நீங்கள் அனுப்பிய தாளைப் படித்தேன். அது எக்கோ இல்லை, ஈசிஜி. மேலே தேதி இருக்கிற இடத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருக்கிறீர்கள். ஆனால் வயதை நறுக்க மறந்துவிட்டீர்கள். ஐம்பத்துநாலு என்று போட்டிருக்கிறது. உங்களுக்கு இப்போது ஐம்பத்தேழு. பண்ணைக்கு லோன் வாங்கியபோது இன்சூரன்சுக்காக எடுத்தது அது.

ஐம்பத்தேழு வயசு மனுஷன், நாலு ஷெட்டுக்கு முதலாளி, பரீட்சையில் ஃபெயிலான பையன் மார்க் ஷீட்டைத் திருத்துவதுபோல் ரிப்போர்ட்டை நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோபத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் பயந்துபோய் என்னைத் தோசைக்கல்லுக்கு முன்னாலிருந்து நகர்த்திவிட்டார்.

இனி நான் கெஞ்சப் போவதில்லை. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு என்பது நம் முறை. எக்கோ எடுத்த தாள், தேதியோடு, நறுக்காமல் என் கைக்கு வரும்வரை வெற்றிலை பாக்கோடு உங்கள் வாசலுக்கு வர மாட்டேன். பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, தாய்மாமன் பெயர் போடும் வரியை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். அச்சகக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

ஊர் பேசும் என்றீர்களே, பேசட்டும்.

மதி

*

வாழப்பாடி
22.12.2024

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருக்கிறீர்களா? மூன்று செவ்வாய்க்கிழமை போய்விட்டது. முட்டை வருகிறது, கடிதம் வரவில்லை. மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டு ‘தெரியாதுங்கக்கா’ என்று மட்டும் சொல்கிறார். நங்கையா போனை எடுத்து ‘நல்லா இருக்காரு’ என்று சொல்லிவிட்டு அடுப்பில் பால் என்று வைத்துவிடுகிறார். எப்போது கூப்பிட்டாலும் அடுப்பில் பால்.

நான் எழுதியது அதிகம்தான். ஆனால் வாபஸ் வாங்க மாட்டேன்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

மதி

*

சேலம்
31.12.2024

மதிக் கண்ணுக்கு,

அத்தாயி எழுதறது. மொதல்ல பயப்படாதே. உங்க அண்ணன் உசுரோட நல்லா இருக்காரு. நாங்க அதே ஆஸ்பத்திரியில மூணு நாளா இருக்கறோம்.

உங்கிட்ட மறைச்சதை எல்லாம் எழுதீர்றேன். ஐப்பசியில இருந்தே அவருக்குப் படுத்தா மூச்சு முட்டுது. தலைக்கு மூணு தலகாணி வெச்சுச் சாஞ்சுதான் தூங்குவாரு. காலு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. உப்புனாலன்னு நான் நெனச்சேன். உன்ற வெத்தலை பாக்குக் கடுதாசியைப் படிச்சதுக்கப்புறம் ரோசம் எச்சாகி மூட்டையை ரெண்டு வேளை தூக்குனாரு. ஞாயித்துக்கிழமை காத்தால ரெண்டாவது ஷெட்டு முன்னால மூட்டையைக் கீழ வெச்சுட்டு உக்கார்ந்தவரு எந்திரிக்கலை. பேச மூச்சு இல்லை. மயில்சாமிதான் முட்டையை எறக்கிப் போட்டுட்டு வண்டியில ஏத்திக்கிட்டு வந்தான்.

நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சாம். எடுத்துட்டாங்க. எக்கோவும் எடுத்துட்டாங்க, தாளு எங்கிட்ட இருக்குது, தேதி போட்டு.

போன் பண்ணிச் சொல்லலாம்னா உடமாட்டேங்கறாரு. சொன்னா நீ கட்டுன சேலையோட ஓடி வருவே. வெத்தலை பாக்கு இல்லாம நீ வந்தா அவரு மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. நோவுக்கு மேல அதை நான் பார்க்க முடியாது. அதனால மயில்சாமிகிட்ட இதைக் குடுத்து உடறேன். வர்ற வழியில கடையில வெத்தலை பாக்கு வாங்கிட்டே வா சாமி.

அத்தாயி

*

புதுச்சத்திரம்
21.1.2025

மதிக்கண்ணு,

அண்ணன் எழுதறது. ஊட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. வீக்கம் வத்திருச்சு. வெள்ளை மாத்திரையும் இன்னும் மூணு மாத்திரையும் போடறேன். உன்ற நங்கையா முன்னால நின்னு, வாயைத் தொறக்கச் சொல்லிப் பார்க்கறா. தனப்பிரியா, மாப்பிள்ளை சௌக்கியமா.

நீ கட்டில்ல வெத்தலை பாக்குத் தட்டை வெச்சப்ப நர்சம்மா வந்து ஆஸ்பத்திரிக்குள்ள இதெல்லாம் கூடாதுன்னு சொன்னாங்க. நீ அவங்களைப் பார்த்த பார்வையில அந்தப் புள்ள ஓடிப்போச்சு. பாவம்.

டாக்டரு எனக்குப் படம் போட்டுக் காட்டுனாரு. நல்ல இதயம் நூத்துக்கு அம்பத்தஞ்சு, அறுபது பங்கு ரத்தத்தைத் தள்ளுமாம். ஆடியில எனக்கு நாப்பத்தஞ்சு இருந்துச்சாம். இப்ப முப்பது. மூட்டை தூக்காம, மாத்திரையை ஒழுங்காப் போட்டிருந்தா இந்நேரம் ஏறியிருக்குமாம். இன்னும் ஏத்தலாம், ஆனா நாளாகும்னாரு. பாரம் தூக்கவே கூடாதுன்னுட்டாரு. ‘எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாங்க’ன்னு கேட்டேன். அவரு உன்ற நங்கையாளைப் பார்த்தாரு.

நான் ஏன் அப்படி நின்னேன்னு உனக்குச் சொல்லணும். உன்ற கல்யாணத்துக்கு நம்ம மாமன் கோவிச்சுக்கிட்டு வரலை. நீ தனியா நடந்து போய் மணவறையில உக்காந்தே. பந்தியில ரெண்டு பொம்பளைங்க, ‘தூக்க ஆளில்லாத பொண்ணு’ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. உனக்குக் கேக்கலை. எனக்குக் கேட்டுச்சு. உனக்குப் பொண்ணு பொறந்தா நான் தூக்கிட்டு வந்து உக்கார வெக்கறேன்னு அன்னிக்கு எலை முன்னால உக்காந்து முடிவு பண்ணுனேன். இருபத்தஞ்சு வருசமாச்சு.

சித்தப்பன் மகன் சந்தோஷ்குமாரைத் தூக்கச் சொல்லலாம்னு உன்ற ஊட்டுக்காரரு சொன்னாராம். அவனும் மாமன் முறைதான், நல்லாத் தூக்குவான். ஆனா வேண்டாம். நானே வாரேன். எப்படின்னு கேக்காதே, மூட்டை கீட்டை ஒண்ணுமில்லை. கோழிக்குப் போட்டாச்சு.

அண்ணன்

*

வாழப்பாடி
13.2.2025

அன்புள்ள அண்ணா,

கல்யாண வீட்டுக் களைப்பு இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் தனப்பிரியா சுகம். உங்களுக்கு மூச்சு எப்படி, கால் வீக்கம் இருக்கிறதா, காலையில் எடை பார்த்தீர்களா என்று எழுதுங்கள். எடை என்றால் உங்கள் எடை.

கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்து வாருங்கள் என்றுதானே சொன்னேன்? நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லி, மைக்கை வாங்கி, எழுநூறு பேருக்கு முன்னால் பேச யார் சொன்னது? நான் மணவறைக்குப் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டேன். “எல்லாத்துக்கும் வணக்கமுங்க. எனக்கு மூளையில அடைப்பு வந்துச்சுங்க, அதுல நெஞ்சும் பழுதாப் போச்சுங்க. புள்ளையத் தூக்க முடியாதுங்க. கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வாரேன்.” அவ்வளவுதான் சொன்னீர்கள். குழறித்தான் சொன்னீர்கள், கடைசி வரிசைவரை விளங்கியது. நடுவில் இரண்டு தடவை மூச்சுக்கு நின்றீர்கள். தனப்பிரியாவும் நின்றாள். நாதஸ்வரக்காரரும் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை அண்ணா. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

தாலி கட்டியதும் நங்கையா உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. பந்தியில் நான் சாம்பார் வாளியோடு நிற்கிறேன், மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணுசாமி ஓரமாகக் கூப்பிடுகிறார். “ஏனுங்கம்மா, எனக்கும் போன வருசம் வாதம் வந்துச்சுங்க. நெஞ்சுக்குன்னு ஒரு சீட்டுக் குடுத்தாங்க, பீரோவுல கெடக்குதுங்க. அதைப் பார்க்கோணுங்களா?” அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் ராசிபுரத்து லாரிக்காரர் ஒருவர். அவருக்குப் பின்னால் அவர் மச்சான். மூன்று பேருக்கும் மூன்று சீட்டு, மூன்று பீரோ. என் பெண்ணின் கல்யாணத்தில் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்ற மாதிரி நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, “இத்தனை நாளா ஏன் போகலை?” என்று மூன்று பேரையும் அதட்டினேன்.

மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வீட்டில் இருப்பவர்கள், அது ஒன்றுமில்லை, சும்மா செக்கப் என்று சொல்லிவிட்டார்களாம்.

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். நங்கையா ஐப்பசியில் எழுதியபோதே அந்த வரியைப் படித்தேன். படிக்காத மாதிரி உங்கள் மேல் பாய்ந்தேன். டாக்டர் ஆவணியில் என்னைத் தனியாக உட்கார வைத்து, இதயம் சேதமாகியிருக்கிறது, கவனிக்காவிட்டால் ஆபத்து என்று தெளிவாகச் சொன்னார். நான் வெளியே வந்தேன். நங்கையா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ‘ஒண்ணுமில்லீங்’ என்றேன். உங்களிடம் அன்று அதுகூடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் மாத்திரையை எப்படிப் போடுவது என்று சொல்லுகிறவள், சொல்ல வேண்டிய இடத்தில் பயந்து வாயை மூடிக்கொண்டேன். இந்த ஐந்து மாதமும் உங்களைத் திட்டிய திட்டில் பாதிக்கு மேல் எனக்குச் சேர வேண்டியது. நாற்பத்தைந்து முப்பது ஆனதில் உங்கள் மூட்டைக்கு எவ்வளவு பங்கோ, என் வார்த்தைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இதை மைக்கில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

தங்கை,
மதுமதி